ஏஜி ஃபோர் வாங்கிவிட்டீர்களா? சுவிட்சைப் போடும் முன்

இரும்பை வெட்டவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டுகிற நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் ஒன்று இப்போது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. ஹார்டுவேர் கடையில் "ஏஜி ஃபோர்" என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். அதே கடையில், அதற்குப் பக்கத்திலேயே, பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடும் நாலு இஞ்ச் அளவில் தொங்கும். ஒரு வளையம் போட்டால் ஓட்டையும் பொருந்திவிடும், ஒரே மெஷினில் இரும்பும் அறுக்கலாம் மரமும் அறுக்கலாம் என்று இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பிளேடை அந்த மெஷினில் மாட்டாதீர்கள். இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு வரியை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போங்கள். ஏன் என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

நான் ஆசாரி இல்லை. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட பத்துக்குப் பத்து இடத்தில் பத்து வருஷத்துக்கும் மேலாக மர வேலையும் கொஞ்சம் இரும்பு வேலையும் செய்து வருகிறேன், அவ்வளவுதான். பட்டறையில் வேலை பழகுகிற பையனுக்குப் பக்கத்தில் ஒரு மேஸ்திரி நிற்பார். கை தப்பான இடத்துக்குப் போனால் "டேய், கைய எடு" என்று ஒரு அதட்டல் வரும். வீட்டில் தனியாக வீடியோ பார்த்துப் பழகுகிற நமக்கு அந்த அதட்டல் கிடைப்பதில்லை. அந்த மேஸ்திரி நின்றிருந்தால் என்னென்ன சொல்லியிருப்பாரோ அதை, வேலை நடக்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கரண்ட்

மெஷினைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் வீட்டு மெயின் பாக்ஸைத் திறந்து பாருங்கள். வரிசையாக எம்சிபிகள், அதாவது கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழுகிற சுவிட்சுகள் இருக்கும். அவற்றோடு, "டி" என்றோ "டெஸ்ட்" என்றோ எழுதிய சின்ன பட்டனோடு கொஞ்சம் அகலமாக ஒன்று இருக்கிறதா? அதுதான் ஆர்சிசிபி. அதன் மேல் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், புது மெஷின் வாங்க வைத்திருக்கும் பணத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் போடுங்கள்.

"எம்சிபிதான் இருக்கிறதே" என்று பலர் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். 850 வாட் கிரைண்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3.7 ஆம்பியர் இழுக்கும். அந்த லைனில் 10 ஆம்பியர் எம்சிபி போட்டிருப்பார்கள். ஒயர் சூடாகிப் பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. மனிதனுக்கோ 10, 15 மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போய்விடும், அதைவிடச் சில மடங்கு கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆயிரம் மில்லி ஆம்பியர் சேர்ந்தால்தான் ஒரு ஆம்பியர். ஆக, ஆளைக் கொல்லும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதும் 10 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு குண்டு பல்பு எரிவதைவிடச் சின்ன விஷயம்தான். ஆர்சிசிபி வேறு மாதிரி வேலை செய்கிறது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், நடுவில் எங்கேயோ 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிகிறது என்று தெரிந்ததும் ஒரு நொடியின் சின்னப் பங்குக்குள் லைனைத் துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்றுங்கள். ஒரு கையில் கரண்ட் வருகிற பேஸ் ஒயரையும் மறு கையில் அது திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரையும் பிடித்தால் மட்டும் ஆர்சிசிபியாலும் காப்பாற்ற முடியாது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிளக். உங்கள் மெஷினின் பெயர்ப் பட்டையில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ள மெஷின், பெரும்பாலும் இரண்டு பின்தான் இருக்கும், எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாமல் மூன்று பின்னோடு வந்திருந்தால் மூன்றாவது பின் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், பழைய வீடுகளில் ஓட்டை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. பிளக்கே இல்லாமல் ஒயர் முனையைச் சீவி சாக்கெட் ஓட்டையில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்குகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் பத்துப் பேர் அப்படிச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அது வேண்டாம். மெஷின் அதிர்கிற அதிர்வில் குச்சி நழுவி, கரண்ட் உள்ள ஒயர் உங்கள் காலடியில் கிடக்கும்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் ரீலில் சுற்றி வருகிறதென்றால், தேவை மூன்று மீட்டர்தான் என்றாலும் முழுவதையும் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே பெரிய மெஷினை ஓட்டினால் உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும். செல்போன் சார்ஜருக்கு வாங்கிய மெல்லிய ஒயர் போட்ட பாக்ஸில் கிரைண்டரைச் சொருகாதீர்கள், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டது வேண்டும். இரும்புக் குழாய் அறுக்கிற 14 இஞ்ச் கட்டிங் மெஷின் போன்றவை 2000 வாட்டுக்கு மேல் போகும், அவற்றுக்கு 16 ஆம்பியர் சாக்கெட் மட்டும்தான்.

கரண்ட் பற்றி இன்னும் ஒன்று, இதை எந்த வெளிநாட்டு வீடியோவிலும் அழுத்திச் சொல்லிக் கேட்டதில்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. நீங்கள் மெஷினை அப்படியே மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்குகிறீர்கள். கிரைண்டரின் சுவிட்ச் ஒருமுறை தள்ளினால் போட்டபடியே இருக்கிற வகை. இருபது நிமிஷம் கழித்து கரண்ட் வந்தால் அந்த மெஷின் தானாக ஓடத் தொடங்கும், மேசையிலிருந்து குதிக்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் உங்கள் குழந்தை நிற்கலாம். என் ஷெட்டில் இது நடந்தது, நல்லவேளையாக யாரும் இல்லை. கரண்ட் திரும்பினாலும் தானாக ஓடாத மாதிரி மெஷின்கள் வருகின்றன, கையை எடுத்தால் நின்றுவிடுகிற துடுப்பு சுவிட்ச் வைத்தவையும் வருகின்றன. வாங்கும்போதே அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள், ஐந்நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. எந்த மெஷினாக இருந்தாலும் கரண்ட் போன நொடியே பிளக்கைப் பிடுங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உடம்பில் என்ன இருக்கிறது

வீட்டில்தானே இருக்கிறோம் என்று லுங்கியோடும் வெறுங்காலோடும்தான் நாம் மெஷினைத் தூக்குகிறோம். சுற்றுகிற எதுவும் துணியைப் பிடித்தால் விடாது, துணி போகிற பக்கம் உங்கள் கையோ காலோ போகும். லுங்கி, வேட்டி, துப்பட்டா, தொளதொளத்த முழுக்கைச் சட்டை எதுவும் வேண்டாம். முடி நீளமாக இருந்தால் பின்னால் இறுக்கிக் கட்டுங்கள். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி, கோயிலில் கட்டிய கைக்கயிறு, எல்லாவற்றையும் கழற்றுங்கள். கயிற்றை அறுக்க மனம் வரவில்லை என்றால் அதன் மேல் இறுக்கமான பட்டை போட்டு மூடுங்கள், மோதிரத்துக்கு அந்த வசதி கிடையாது, கழற்றித்தான் ஆக வேண்டும். டிரில் பிட்டில் மோதிரம் மாட்டினால் விரலின் தோல் உறை போலக் கழன்று வந்துவிடும். காலுக்கு மூடிய ஷூ, ரப்பர் செருப்பு போதாது.

கையுறை விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். கிரைண்டர் பிடிக்கும்போது கையோடு ஒட்டிய தோல் கையுறை நல்லது, தீப்பொறியும் சூடும் தாங்கும். டிரில், மரத்தில் பள்ளம் எடுக்கிற ரூட்டர், மேசை ரம்பம் இவற்றில் கையுறையே கூடாது. கடையில் ஜோடி இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளைப் பின்னல் கையுறையைச் சுற்றுகிற எந்த மெஷினிலும் போடாதீர்கள், அதன் ஒரு நூல் பிட்டில் சிக்கினால் முழுக் கையையும் உள்ளே இழுத்துவிடும்.

கண்ணுக்கு வருகிறேன். நான் தொடங்கிய புதிதில், கேட்டுக்கு ஒரு கொக்கி செய்ய, ஒரே ஒரு கம்பியை வெட்டினேன். அரை நிமிஷ வேலை, கண்ணாடி கீழே வீட்டில் இருந்தது. வெட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி கண் உறுத்தியது, தூசி என்று கழுவிவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கருவிழியில் ஒட்டியிருந்த இரும்புத் துகளை டாக்டர் ஊசி முனையால் எடுத்தார், அதைச் சுற்றி அதற்குள்ளேயே துருப் பிடித்து வளையமாகப் படிந்திருந்தது, இரண்டு நாள் கழித்து அதையும் சுரண்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து கண்ணாடி என் மெஷினின் கைப்பிடியிலேயே தொங்குகிறது, அதை எடுக்காமல் மெஷினை எடுக்க முடியாது. நீங்களும் அப்படியே மாட்டி வையுங்கள். பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கவாட்டில் திறந்து கிடக்கிறது. பாலிகார்பனேட்டில் செய்தது, பக்கங்கள் மூடியது, சட்டத்தில் "இசட்87 பிளஸ்" போன்ற தரக்குறி உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். வெட்டும் வட்டு மாட்டிய கிரைண்டருக்குக் கண்ணாடிக்கு மேலே முழு முகத் தடுப்பும் வேண்டும். வட்டு உடைந்தால் துண்டு கண்ணுக்கு மட்டும் வராது.

காதைப் பற்றி யாருமே கவலைப்படுவதில்லை, ஏனென்றால் வலிக்காது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்கிற கணக்கு இது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான். கிரைண்டர் சர்வசாதாரணமாக அந்த அளவுக்குப் போகும், தகரக் கூரைக்குள் இன்னும் மோசம். பஞ்சை உருட்டி வைப்பது உதவாது. நுரை அடைப்பான் சில பத்து ரூபாய்தான்.

மூக்குக்குக் கைக்குட்டை கட்டுவதும் அதே மாதிரிதான், கண்ணுக்குத் தெரிகிற தூளை மட்டும் நிறுத்தும், நுரையீரல் வரை போகிற நுண்தூளை நிறுத்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது, 1997இல் கல், கான்கிரீட் தூளில் இருக்கும் சிலிக்காவையும் சேர்த்தது. டைல்ஸ் வெட்டுகிற அந்த வெள்ளைப் புகையிலும் அது இருக்கிறது. என்95 முகக்கவசம் போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள்.

டிரில்லில் தொடங்குங்கள்

முதல் மெஷினாக கிரைண்டரை வாங்காமல் டிரில்லை வாங்கச் சொல்வேன். தவறு செய்தாலும் அது கொடுக்கிற தண்டனை பெரும்பாலும் சிறியது.

சின்னத் துண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் ஓட்டை போடாதீர்கள். பிட் மறுபக்கம் வெளியே வருகிற அந்தக் கடைசி நொடியில்தான் ஆபத்து, இரும்புத் தகட்டை அது திருகாணி போலக் கவ்விக்கொண்டு, தகட்டையே சுற்றத் தொடங்கும். சுற்றுகிற தகடு கத்திதான். மேசையோடு சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், கிளாம்ப் வாங்கக் காசு பார்க்காதீர்கள், நான்கு சி-கிளாம்ப் உங்கள் பத்து விரலுக்கும் காவல். இரும்பில் ஓட்டை போடும் முன் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியைத் தட்டி ஒரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள், முதலில் சின்ன பிட், அப்புறம் பெரியது. மறுபக்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அழுத்துவதைக் குறையுங்கள்.

சுவரில் ஓட்டை போடுவது இன்னொரு கதை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் நேர்க்கோட்டில் எங்கும் போடாதீர்கள், ஒயர் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். குளியலறை, சமையலறைச் சுவரில் தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் அந்த அறையின் எம்சிபியை இறக்கிவிட்டு, மெஷினுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். கான்கிரீட்டில் உள்ளே இருக்கும் கம்பியில் பிட் மாட்டினால் மெஷின் அப்படியே சுழன்று மணிக்கட்டைத் திருகிவிடும். பெட்டியோடு வந்த பக்கக் கைப்பிடி அதற்காகத்தான் இருக்கிறது. அதை மாட்டுங்கள், இரண்டு கையாலும் பிடியுங்கள், ஏணி மேல் நின்று ஒற்றைக் கையால் செய்யாதீர்கள்.

பிட் மாற்றும்போது பிளக் வெளியே இருக்க வேண்டும், பேட்டரி மெஷின் என்றால் பேட்டரி வெளியே இருக்க வேண்டும். பிட்டைப் பிடித்திருக்கிற வாய்தான் சக், அதை இறுக்குகிற சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சாவியை ஒயரின் பிளக் முனைக்குப் பக்கத்தில் கட்டி வையுங்கள். அப்போது பிளக்கைப் பிடுங்காமல் சாவியை உபயோகிக்கவே முடியாது.

கிரைண்டர்

நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000, 12,000 சுற்று சுற்றுகிறது. நாலு இஞ்ச் வெட்டும் வட்டின் மேல் பாருங்கள், 80 மீட்டர்/நொடி என்றும் 15,000 சொச்சம் சுற்று என்றும் அச்சிட்டிருக்கும். 80 மீட்டர் என்றால் மணிக்கு 288 கிலோமீட்டர், வட்டின் விளிம்பு தாங்கக்கூடிய வேகம் அது. வட்டில் போட்டிருக்கும் சுற்று எண் மெஷினில் போட்டிருக்கும் சுற்று எண்ணைவிடக் கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். பெரிய மெஷினின் ஏழு இஞ்ச் வட்டு ஏறத்தாழ 8,500 சுற்றுக்குத்தான் செய்தது. அதை, வட்டை மூடி நிற்கிற தகடான கார்டைக் கழற்றிவிட்டு, சின்ன மெஷினில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெடிக்கும் என்று தெரிந்தே கையில் வைத்திருப்பதற்குச் சமம்.

வட்டின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் ஒரு மாதமும் வருஷமும் அடித்திருக்கும். காலாவதித் தேதி அது. வட்டை ஒட்டவைத்திருக்கிற பிசின் ஈரத்தில் மெல்ல மெல்ல வலுவிழக்கும், மழைக்காலத்தில் ஒழுகுகிற ஷெட்டில் கிடந்த வட்டுக்குத் தேதி பாக்கியிருந்தாலும் நான் அதைத் தூக்கிப்போட்டுவிடுவேன். கீழே விழுந்த வட்டையும் அப்படித்தான். ஒரு வட்டின் விலை முப்பது, நாற்பது ரூபாய்.

புது வட்டு மாட்டியதும் உடனே வேலைக்குப் போகாதீர்கள். மெஷினை ஆளில்லாத பக்கம் காட்டி, ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். விரிசல் இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

கார்டு. அதைக் கழற்றாதீர்கள். வட்டு எங்கே வெட்டுகிறது என்று தெரியவில்லை, பெரிய வட்டு போகவில்லை, மூலைக்குள் நுழையவில்லை என்று ஆயிரம் காரணம் வரும். வட்டு உடைகிற நாளில் துண்டுகளுக்கும் உங்கள் கழுத்துக்கும் நடுவில் இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான். நட்டைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம், திறந்த பக்கம் எப்போதும் உங்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டும்போது வட்டின் கோட்டுக்கு நேரே நிற்காதீர்கள், ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். வெட்டுகிற கம்பியின் இரண்டு முனையையும் இரண்டு செங்கல் மேல் வைத்து நடுவில் வெட்டுவதைத்தான் எல்லாரும் செய்கிறோம். வெட்டு ஆழமாகப் போகப் போகக் கம்பி நடுவில் தொய்ந்து, வெட்டின் வாய் மூடி, வட்டைக் கவ்விக்கொள்ளும். கவ்வியதும் மெஷின் பின்னோக்கி எகிறும். ஒரு முனையை மேசையில் கிளாம்ப் போட்டு, வெட்டப்படுகிற முனையைத் தொங்கவிட்டால் வாய் தானாகத் திறந்துகொண்டே போகும். மெல்லிய வெட்டும் வட்டின் பக்கவாட்டில் பிசிறு தேய்க்காதீர்கள், அதற்கு அந்த வலு கிடையாது, தேய்க்கத் தடித்த வட்டு இருக்கிறது, உப்புத்தாள் இதழ் இதழாக ஒட்டிய வட்டும் இருக்கிறது. புதியவர்கள் முதல் ஒரு மாதம் அந்த உப்புத்தாள் வட்டை மட்டும் போட்டுப் பழகினால் மெஷினின் இழுப்பு கைக்குப் பிடிபடும். வேலை முடிந்ததும் வட்டு முழுதாக நின்ற பிறகே கீழே வையுங்கள், சுவிட்சை அணைத்த பிறகும் பல நொடி சுற்றும்.

இப்போது அந்தப் பல் வைத்த பிளேடு. இரும்பு வெட்டும் வட்டு தேய்த்துத் தேய்த்து வெட்டுகிறது, மரப் பிளேடு பல்லால் கடித்து வெட்டுகிறது. ஒரு முடிச்சிலோ ஆணியிலோ பல் கடித்துக்கொண்டால் அந்த வேகம் முழுவதும் மெஷினைத் தூக்கி எறிவதில் போகும். மரம் அறுக்கவென்றே செய்த சர்குலர் ரம்பத்தில் அதைத் தாங்க ஏற்பாடுகள் இருக்கின்றன: பலகை மேல் படிந்து நிற்கிற அகலமான அடித்தட்டு, வெட்டு முடிந்ததும் தானாக வந்து பிளேடை மூடுகிற கீழ்க் கார்டு, பாதிக்கும் குறைவான வேகம் (ஏழு இஞ்ச் ரம்பம் 5,000 சொச்சம் சுற்றுதான்), விரலை எடுத்ததும் அணைகிற சுவிட்ச். துடுப்பு சுவிட்ச் இல்லாத சாதாரண கிரைண்டரில் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை. அடித்தட்டு இல்லாததால் பிளேடு எத்தனை ஆழம் போகும் என்பதை உங்கள் கை நடுக்கம்தான் தீர்மானிக்கிறது. கார்டு பாதி திறந்து கிடக்கிறது. எகிறி வந்தாலும் சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது, சுற்றிக்கொண்டே உங்கள் தொடைக்கோ இடது கைக்கோ வருகிறது. இரும்பு வட்டு பட்டாலே காயம் பெரியது, பல் பட்டால் சதையைக் கிழித்து அள்ளிக்கொண்டு போகும், தைக்க ஒன்றும் மிச்சமிருக்காது. எங்கள் தெருவில் முப்பது வருஷம் மர வேலை பார்த்த ஆசாரி ஒருவர் இடது கை ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் இப்படித்தான் இழந்தார். அனுபவம் இருந்தால் ஆகாது என்று நினைக்கிறவர்களிடம் நான் அவரைத்தான் சொல்வேன்.

கல்லும் டைல்ஸும் அறுக்கிற மார்பிள் கட்டரில் மரப் பிளேடு போடுவதும் இதே ரகம்தான். அதில் அடித்தட்டாவது இருக்கிறது, ஆனால் தானாக மூடும் கீழ்க் கார்டு இல்லை, வேகமும் கிரைண்டர் வேகம். தச்சு வேலைக்காரர்கள் எல்லாரும் அதைத்தானே உபயோகிக்கிறார்கள் என்றால், ஆமாம், நம் ஊரில் அது மலிவு, அதனால்தான். புதிதாகத் தொடங்குகிற உங்களுக்குக் கூலி நெருக்கடியும் இல்லை, அவசரமும் இல்லை.

மரம் அறுக்க வேறு என்ன

மாதத்துக்கு நாலு பலகைதான் அறுக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு நல்ல கைவாள் போதும். பிளைவுட்டில் வளைவு வெட்ட வேண்டுமா, ஜிக்சா வாங்குங்கள், பிளேடு மேலும் கீழும் போவதால் எகிறி வந்து தாக்கும் பயம் மிகக் குறைவு. பலகை கீழே விரல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நேர்வெட்டு நிறைய இருக்கிறது என்று சர்குலர் ரம்பம் வாங்கினால், பிளேடின் பல் பலகைக்குக் கீழே ஒரு பல் உயரம் மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி ஆழத்தை வையுங்கள். கீழ்க் கார்டை ஆப்பு அடித்தோ கம்பியால் கட்டியோ திறந்து வைக்காதீர்கள். வெட்டின் நடுவில் ரம்பத்தைப் பின்னோக்கி இழுக்காதீர்கள், சிக்கினால் அணைத்து, நின்ற பிறகு எடுங்கள். இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்குச் சட்டங்கள் அருமையான மரம், ஆனால் உள்ளே ஆணி உடைந்து புதைந்திருக்கும், மேலே பெயின்ட் மூடியிருக்கும். ஒரு ஸ்பீக்கர் காந்தத்தைச் சட்டம் முழுக்க மெல்ல ஓட்டிப் பாருங்கள், இழுக்கிற இடத்தில் குறி போட்டு ஆணியை எடுத்துவிட்டு அறுங்கள். ரம்பத்தைக் கவிழ்த்துப் பலகைக்கு அடியில் திருகி மேசை ரம்பம் ஆக்குகிற வேலை, முதல் இரண்டு வருஷத்துக்கு வேண்டவே வேண்டாம்.

தீ

கிரைண்டர் பொறி பல அடி தூரம் போகும். பைக் நிற்கிற இடத்தில் வெட்டாதீர்கள், தின்னர் டின், பெயின்ட், மரத்தூள் குவியல், பஞ்சு மெத்தை எதுவும் அந்தத் திசையில் இருக்கக் கூடாது. மரம் அறுத்த அதே இடத்தில் இரும்பு வெட்டும் முன் தூளைப் பெருக்கி அள்ளுங்கள். தூளுக்குள் விழுந்த பொறி உடனே எரியாது, கங்காகக் கிடந்து நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு பிடிக்கும். வேலை முடித்து அரை மணி நேரம் கழித்து ஒருமுறை வந்து பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் தடவித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது காய்கிற சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். ஒரு வாளி மணலும் பவுடர் வகைத் தீயணைப்பானும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அடிபட்டுவிட்டால்

தனியாக வேலை செய்யப் போகும்போது வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், போன் சட்டைப் பையில் இருக்கட்டும். களைப்பாக இருக்கும் ராத்திரியில், "இன்னும் ஒரே ஒரு வெட்டு" என்று தோன்றும்போது நிறுத்திவிடுங்கள்.

ஷாக் அடித்து ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாமல் மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள். கண்ணில் துகள் குத்தியிருந்தால் தேய்க்கவோ பிடுங்கவோ வேண்டாம், அப்படியே கண் மருத்துவரிடம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள், மஞ்சள் தூளோ காபித் தூளோ அப்பாதீர்கள். தையல் போடும் இடத்தில் டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகத் துண்டின் மேல் படக் கூடாது, தண்ணீரிலும் ஊறக் கூடாது, பட்டால் திசு கெட்டுவிடும். அருகிலிருக்கும் எல்லா மருத்துவமனையிலும் விரலை ஒட்டவைக்க முடியாது, அதற்கு நுண் அறுவைச் சிகிச்சை தெரிந்தவர்கள் வேண்டும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்று தனித் துறையே இருக்கிறது, கோவையில் கங்கா மருத்துவமனை இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. உங்கள் ஊரில் அல்லது பக்கத்து ஊரில் ராத்திரியிலும் இதைச் செய்கிற இடம் எது என்று இன்றைக்கே விசாரித்து, பெயரையும் போன் நம்பரையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், சத்தம் கேட்டு மாடி ஏறி ஓடி வருகிறவர்தான் அதைப் படிக்கப்போகிறார்.